படுத்தால் மூச்சு முட்டுகிறது, ஸ்கேனில் ஒன்றும் இல்லை: ஆக்சிஜன் மெஷின் வாங்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. ஆறு வருடமாக சி.ஐ.டி.பி. என்ற நரம்பு நோய். கம்பு ஊன்றித்தான் நடப்பார். மூன்று மாதமாகப் படுத்தாலே மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குகிறார். காலையில் தலைவலி. எக்கோ, மார்பு சி.டி. எல்லாம் நார்மல். விரலில் மாட்டிப் பார்த்தால் 96 காட்டுகிறது. ‘பயம்தான்’ என்று தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் ஆக்சிஜன் மெஷினை மாத வாடகைக்குப் பிடித்துத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா டாக்டர்?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வாங்காதீர்கள் அம்மா. தூக்க மாத்திரையைப் பற்றி, அதைக் கொடுத்தவரிடம் நாளைக்கே பேசுங்கள். உங்கள் கணவருக்கு வந்திருப்பது பயம் என்று எனக்குத் தோன்றவில்லை. பயத்தில் மூச்சு வாங்குகிறவருக்கு உட்கார்ந்தாலும் வாங்கும், படுத்தாலும் வாங்கும். படுத்தால் முட்டி, எழுந்து உட்கார்ந்ததும் சரியாகிறது என்றால் முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டீர்கள். அடுத்துப் பார்க்க வேண்டியதை யாரும் பார்க்கவில்லை.

கொல்லன் பட்டறைத் துருத்தியைப் பார்த்திருப்பீர்கள். தோல்பை தானாகக் காற்றை இழுக்காது, ஒரு கை அதை இழுத்து விரிக்க வேண்டும். நுரையீரல் அந்தத் தோல்பை. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானம் என்ற தசைதான் கை. அந்தத் தசைக்கு உத்தரவு கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஒரு நரம்பு வழியாக வருகிறது. சி.ஐ.டி.பி.யில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே நரம்பின் மேலுறையை அரிக்கிறது. பெரும்பாலோருக்குக் கை காலோடு நின்றுவிடும், சிலருக்கு இந்த மூச்சு நரம்பையும் தொடும். பை நன்றாக இருக்கிறது, இழுக்கிற கைதான் ஓய்ந்துவிட்டது. சி.டி. எப்படிக் காட்டும்? படுத்தவுடன் குடலும் கல்லீரலும் மேலே தள்ளும், அதை எதிர்த்துத் தள்ளத் தசைக்குத் தெம்பு இல்லை. நாற்காலி ஏன் சுகமாக இருக்கிறது என்பதற்குப் பதில் இதுதான்.

இன்று ராத்திரியே ஒன்று செய்யுங்கள். அவர் தாங்குகிற அளவுக்குச் சாய்ந்து படுக்கட்டும், சட்டையை விலக்கி வயிற்றைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு மேலே எழும்ப வேண்டும். எழும்பாமல் உள்ளே குழிந்தால் உதரவிதானம் வேலை செய்யவில்லை. இரண்டாவது, சடுகுடு பாடுகிற மாதிரி. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று நிதானமாகச் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். நல்ல உடம்புக்காரர் 40, 50 வரை போவார். 20ஐத் தாண்டவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். 15க்குள் நின்றால், தண்ணீர் குடித்தாலே புரையேறினால், பகலில் கூப்பிட்டாலும் எழாமல் தூங்கி வழிந்தால் 108க்குக் கூப்பிட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்போது அந்த ஆக்சிஜன் மெஷின். விரலில் மாட்டுகிற கருவி ஆக்சிஜனை மட்டும்தான் எண்ணும். இவருக்குச் சிக்கல் உள்ளே போகிற ஆக்சிஜனில் இல்லை, வெளியே போகாத கரியமில வாயுவில். மூச்சு ஆழமில்லாததால் அது ராத்திரி முழுக்க ரத்தத்தில் சேரும். காலைத் தலைவலி அதனால்தான் இருக்க வேண்டும். இந்த நிலையில் வீட்டில் ஆக்சிஜன் வைத்தால் விரலில் 98, 99 என்று காட்டும், கரியமில வாயுவோ சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஒருவரை விடியற்காலையில் கொண்டுவந்தார்கள். மூக்கில் குழாய், விரலில் 98. மனைவி, ‘நல்லா தூங்குறாரு டாக்டர்’ என்றார். அது தூக்கம் இல்லை. உலுக்கி எழுப்பினாலும் கண் திறக்கவில்லை. மெஷினை வாடகைக்கு விட்டவர் டாக்டர் சீட்டுகூடக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று நம்பர் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், மூச்சுத்திணறல் என்று காதில் விழுந்தால் போதும். தயவுசெய்து அவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

தூக்க மாத்திரையும் இதே வேலையைத்தான் செய்யும், மூச்சு விடச் சொல்கிற மூளையை மந்தமாக்கும். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல் டாக்டர் சொல்கிறபடி குறைக்க வேண்டும். நரம்பு எரிச்சலுக்குக் காபாபென்டின், பிரிகாபலின் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். ஏற்கெனவே மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கு இவை மூச்சை இன்னும் மந்தப்படுத்தலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019 டிசம்பரிலேயே எச்சரித்தது. நம் ஊரில் பழைய சீட்டைக் காட்டினாலே பட்டை பட்டையாகக் கிடைக்கிறது.

ஒன்றே ஒன்றை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இதுவரை நான் சொன்னது மெல்ல மெல்ல வருகிற மூச்சிரைப்பு. இவருக்கு சி.ஐ.டி.பி.க்காக ஐ.வி.ஐ.ஜி. என்ற எதிர்ப்புப் புரத ஊசி போட்டிருக்கலாம். அது ரத்தத்தைக் கெட்டியாக்கும், அபூர்வமாகக் கட்டியும் உறையலாம். நடமாட்டம் குறைந்தவருக்கு அந்த ஆபத்து கூடுதல். ஊசி போட்ட நாள்களிலோ அடுத்த சில வாரங்களிலோ திடீரென்று, அதாவது பத்து நிமிடம் முன்பு நன்றாக இருந்தவருக்கு மூச்சு முட்டினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சை இழுக்கும்போது மார்பில் குத்தினால், அது நுரையீரலில் போய் அடைத்த ரத்தக்கட்டியாக இருக்கலாம். அப்போது எண்ணிப் பார்ப்பது, வயிற்றைப் பார்ப்பது எதுவும் வேண்டாம். நேரே அவசரப் பிரிவு. அங்கே ஆக்சிஜன் வைத்தால் தடுக்காதீர்கள். நான் வேண்டாம் என்பது கண்காணிப்பு இல்லாமல் வீட்டில் வைப்பதைத்தான்.

இந்த வாரத்துக்குள் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். அருகில் கிடைக்கவில்லை என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகலாம். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்: இதய டாக்டர் இதயம் நார்மல் என்று எழுதுகிறார், நெஞ்சு டாக்டர் நுரையீரல் நார்மல் என்று எழுதுகிறார், நரம்பு டாக்டர் கை காலைத் தட்டிப் பார்த்து அனுப்புகிறார். ஆளைக் கட்டிலில் படுக்க வைத்து இரண்டு நிமிடம் பார்க்க யாருக்கும் நேரமில்லை. பரிசோதனையும் சின்னதுதான். குழாயில் ஊதும் ஸ்பைரோமெட்ரியை உட்கார்ந்து ஒரு தடவை, படுத்து ஒரு தடவை செய்ய வேண்டும். படுக்கும்போது அளவு கால்வாசிக்கு மேல் குறைந்தால் உதரவிதானம் பலவீனம். கூடவே ஏ.பி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனை, கரியமில வாயுவுக்காக. அது 45க்கு மேல் இருந்தாலோ, ஊதும் அளவு அவருக்கு இருக்க வேண்டியதில் பாதிக்குக் கீழே போயிருந்தாலோ ராத்திரி முகமூடி வைத்து மூச்சைத் தள்ளிக்கொடுக்கும் பைபாப் கருவி தேவைப்படும். கடைக்காரர் விலை குறைவு என்று சிபாப் கருவியை நீட்டுவார். அது குறட்டைக்காரர்களுக்கு, இவருக்கு உதவாது. பைபாப்பையும் ஆஸ்பத்திரியில் அழுத்தம் சரிபார்த்த பிறகே வாங்குங்கள்.

சி.ஐ.டி.பி. மருந்துக்குக் கேட்கிற நோய். சிகிச்சையைக் கூட்டினால் மூச்சு நரம்பும் தேறலாம். போகும்போது ஒரு சீட்டில் இப்படி எழுதிக்கொண்டு போய் டாக்டர் கையில் கொடுங்கள்: ‘சி.ஐ.டி.பி. நோயாளி. மூன்று மாதமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, காலையில் தலைவலி. உட்கார்ந்தும் படுத்தும் ஸ்பைரோமெட்ரி, ஏ.பி.ஜி. இரண்டும் இன்னும் பார்க்கவில்லை.’