நீருக்கடியில் மறைந்திருக்கும் ஆமைகளை ஆய்வாளர்கள் எப்படி எண்ணுகிறார்கள்?

அழியும் நிலையிலுள்ள நன்னீர் ஆமைகளை ஆராயத் தொடங்கும் இளம் ஆய்வாளர் பழக வேண்டிய அடிப்படை முறை ‘குறியிட்டு மீண்டும் பிடித்தல்’ ஆகும். சில ஆமைகளைப் பிடித்து, அடையாளமிட்டு, அதே இடத்தில் விட்டுவிட்டு, மறுமுறை பிடிபடுபவற்றில் அடையாளமுள்ளவை எத்தனை என்று பார்த்து மொத்தத்தை மதிப்பிடுவதே அது.

ஒரு சாடியிலுள்ள மணிகளில் ஒரு கைப்பிடிக்குச் சாயம் பூசிக் கலந்துவிட்டு, அடுத்த கைப்பிடியில் சாயமணிகள் எத்தனை வருகின்றன என்று பார்ப்பதற்கு இதை ஒப்பிடலாம். 50 ஆமைகளுக்குக் குறியிட்ட பின், அடுத்து பிடிபட்ட 40-இல் 10 குறியுள்ளவை என்றால், குறியுள்ளவை நான்கில் ஒரு பங்கு. ஆகவே மொத்தம் ஏறத்தாழ 200.

குறியிடுவது எளிது: ஓட்டின் விளிம்புத் தகடுகளில் அரத்தால் சிறு பள்ளங்கள் இடுவார்கள், 1939-இல் அமெரிக்க விலங்கியலாளர் ஃபிரெட் கேகிள் விவரித்த இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. பொறி வைப்பதில்தான் கவனம் தேவை. அதன் ஒரு பகுதி நீருக்கு மேலே நிற்காவிட்டால், நுரையீரலால் சுவாசிக்கும் ஆமை மூச்சுத் திணறி இறந்துவிடும்.

இந்த வேலைக்கு ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும். வட அமெரிக்காவின் பிளாண்டிங் ஆமை இனப்பெருக்க வயதை அடையவே 14 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்பதால், குஞ்சுகளைவிட வளர்ந்த பெண் ஆமைகளின் இழப்பே கூட்டத்தை அதிகம் பாதிக்கிறது. அதை நீண்டகாலப் பதிவுகளே காட்டும்.

குறியிட்ட ஆமைகள் மறுபடி குறைவாகக் கிடைத்தால் அவை இறந்துவிட்டன என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் அங்கே ஆமைகள் மிகுதியாக இருப்பதாலோ, ஒருமுறை சிக்கியவை பொறியைத் தவிர்ப்பதாலோகூட அப்படி நேரலாம்.