செவ்வாய் தோஷம்: தம்பிக்கு என் பதில்

தம்பி, விஞ்ஞானம் படிப்பிக்கிற நீங்கள், விரும்பிய பிள்ளைக்குச் செவ்வாய் தோஷம் என்றதும் நித்திரை இல்லாமல் கிடப்பதாக எழுதியிருந்தீர்கள். "அவளைக் கட்டினால் உன் உயிருக்கு ஆபத்து" என்று அம்மா அழுகிறா என்றும். பயம் வந்ததற்காக வெட்கப்படாதீர்கள், தாயின் அழுகை யாரையும் உலுக்கும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். சாதகத்தின் முதல் வீடான லக்னத்திலிருந்து எண்ணி 2, 4, 7, 8, 12 ஆம் இடங்களில் செவ்வாய் நின்றால் தோஷம் என்பார்கள். பன்னிரண்டு வீட்டில் ஐந்து! நூறு பேரில் நாற்பது பேருக்காவது வரும். திருகோணமலையில் அத்தனை வீட்டிலுமா சாவு விழுந்தது?

எனக்கும் இதே தோஷம்தான். மாமி என் சாதகக் கொப்பியை, மூலையில் மஞ்சள் காயாத அந்தக் கொப்பியை, மடியில் வைத்தபடி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தா. இவரைக் கட்டி 19 வருஷம். போன வருஷம் மாமி இறந்து, அந்தியேட்டிக் கிரியைக்குத் திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியா போனோம். ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் சூடு ஒன்றுபோல இல்லை. ஆழத்துக்கு இறங்கிய நீர் பாறைச் சூட்டில் காய்ந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். இராவணன் தாயின் கருமத்துக்காக உண்டாக்கினான் என்ற கதையும் தெரியும். இவர் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றி அழுதபோது எனக்கு இரண்டுமே வேண்டியிருந்தது.

அம்மாவோடு கணக்குப் பேசி வாதாடாதீர்கள். அந்தப் பிள்ளையை ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிவந்து அம்மாவோடு இருந்து சாப்பிட வையுங்கள். அதற்கு முன், இந்தத் தோஷக் கதையை அவளிடம் நீங்களே சொல்லுங்கள், இந்தக் கிழமையே.