பென்டிரைவைச் செருகினால் பழைய மடிக்கணினி வேகம் பெறுமா?

வினா: 2014ஆம் ஆண்டு வாங்கிய மடிக்கணினி ஒன்றை நானும் உயர்தரம் படிக்கும் என் மகளும் பாவித்து வருகிறோம். விண்டோஸ் 10, 4 ஜிபி ராம், 500 ஜிபி வன்தட்டு. இயக்கிவிட்டு வேலை தொடங்குவதற்குப் பத்து நிமிடம் வரை காத்திருக்க வேண்டியுள்ளது. சூம் வகுப்பு நடக்கும்போது வினாத்தாள் ஒன்றைத் திறந்தால் எல்லாமே உறைந்துபோகின்றன. 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றைச் செருகி ரெடிபூஸ்ட் என்ற வசதியை இயக்கினால் அது ராமாக வேலை செய்யும் என்று இங்குள்ள கடையொன்றில் சொன்னார்கள். அது உண்மையா? இடையில் பென்டிரைவ் கழன்றாலோ மின்சாரம் நின்றாலோ கோப்புகள் அழிந்துவிடுமா? அதே பென்டிரைவில் மகள் பாடசாலை வேலைகளையும் கொண்டுபோகலாமா?
– ஆசிரியை ஒருவர், உவர்மலை, திருகோணமலை

பதில்: பென்டிரைவ் ராமாக, அதாவது இயங்கும் நிரல்கள் தற்காலிகமாகத் தங்கும் நினைவகமாக, மாறுவதில்லை. வன்தட்டிலிருந்து அடிக்கடி வாசிக்கப்படும் சிறு சிறு தரவுத் துண்டுகளின் பிரதியைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டு, அவை மறுபடி தேவைப்படும்போது வன்தட்டுக்குப் போகாமல் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் ரெடிபூஸ்ட். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளில் முதலாவதுக்கு அது ஓரளவு உதவக்கூடும். இரண்டாவதுக்குப் பெரிதாக உதவாது. பென்டிரைவ் ஏற்கெனவே கையில் இருந்தால் பரீட்சித்துப் பார்ப்பதில் தவறில்லை. இதற்கென்றே ஒன்றை வாங்க வேண்டாம்.

கடையில் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. ரெடிபூஸ்ட் 2007 ஜனவரியில் பொதுப் பாவனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவுடன் அறிமுகமானது. அக்காலத்தில் பல கணினிகளில் 512 மெகாபைட் அல்லது 1 ஜிபி ராம்தான் இருந்தது. ராமின் விலையும் அதிகம். கணினியைத் திறக்காமலே, வெளியிலிருந்து ஒரு பென்டிரைவைச் செருகி வேகத்தைக் கூட்டலாம் என்பது அந்தக் கணினிகளுக்குப் பொருந்திய பேச்சு. விஸ்டாவில் 4 ஜிபி வரையே இதற்கு ஒதுக்க முடிந்தது. 2009இல் வந்த விண்டோஸ் 7, ஒரு சாதனத்தில் 32 ஜிபி வரை, எட்டுச் சாதனங்கள் வரை பாவிக்க இடம் கொடுத்தது. உங்களுக்குச் சொல்லப்பட்ட 32 என்ற எண் அந்த மேலெல்லையிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் மைக்ரோசொஃப்ட் பரிந்துரைத்த அளவு, கணினியிலுள்ள ராமின் ஒரு மடங்கிலிருந்து இரண்டரை மடங்கு வரை மட்டுமே. 4 ஜிபி ராம் உள்ள உங்கள் கணினிக்கு அது 4 முதல் 10 ஜிபி. ஆகவே 8 ஜிபி ஒதுக்கினாலே போதும்.

இனி, பென்டிரைவ் எங்கே உதவும், எங்கே உதவாது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் உங்கள் பணத்தை எதில் போடுவது என்ற முடிவு அதில்தான் தங்கியிருக்கிறது. மடிக்கணினி வன்தட்டுகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5,400 தடவை சுழல்பவை. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிசெக்கன் ஆகும். தேடும் தரவு வாசிப்பு முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிசெக்கன், காத்திருக்க வேண்டும். முனை சரியான தடத்துக்கு நகர்வதற்கு ஆகும் பத்துப் பன்னிரண்டு மில்லிசெக்கனையும் கூட்டினால், தட்டின் வெவ்வேறு மூலைகளில் சிதறிக் கிடக்கும் துண்டுகளைச் செக்கனுக்கு அறுபது என்ற கணக்கில்தான் அதனால் எடுத்துத் தர இயலும். ஒவ்வொரு துண்டும் 4 கிலோபைட் என்றால் அது செக்கனுக்குக் கால் மெகாபைட் மட்டுமே. அதே வன்தட்டு, ஒரு நீண்ட காணொளியை வரிசையாக வாசிக்கும்போது செக்கனுக்கு 80 முதல் 100 மெகாபைட் வரை தரும். ஒரே சாதனத்தின் இரண்டு வேலைகளுக்கிடையே இத்தனை பெரிய இடைவெளி இருப்பதுதான் ரெடிபூஸ்ட் பிறந்ததற்கே காரணம்.

பென்டிரைவில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. சிதறிய சிறு துண்டுகளை ஒரு மில்லிசெக்கனுக்குள் அதனால் எடுத்துத் தர முடியும். ரெடிபூஸ்டுக்குத் தகுதிபெற, 4 கிலோபைட் துண்டுகளைச் செக்கனுக்கு 2.5 மெகாபைட் வேகத்தில் வாசிக்கவும், 512 கிலோபைட் துண்டுகளை 1.75 மெகாபைட் வேகத்தில் எழுதவும் கூடியதாகப் பென்டிரைவ் இருக்க வேண்டும் என்பது ஆரம்பத்தில் வகுக்கப்பட்ட நிபந்தனை. கேட்கச் சிறிய எண்களாக இருந்தாலும், வன்தட்டின் கால் மெகாபைட்டுடன் ஒப்பிட்டால் அது பத்து மடங்கு. மாறாக, பெரிய கோப்பை வரிசையாக வாசிப்பதில் பென்டிரைவ் தோற்றுவிடும், யூஎஸ்பி 2.0 துளையில் செக்கனுக்கு 30 – 35 மெகாபைட்டுக்கு மேல் நடைமுறையில் கிடைப்பதில்லை. விண்டோஸ் இதை அறிந்தே நடந்துகொள்கிறது: சிதறிய வாசிப்புகளைப் பென்டிரைவிலிருந்தும், வரிசையான வாசிப்புகளை, அவற்றின் பிரதி பென்டிரைவில் இருந்தாலும்கூட, வன்தட்டிலிருந்துமே எடுக்கிறது.

கணினியை இயக்கித் திரை வந்த பின்னரும் வைரஸ் தடுப்பு நிரல், உலாவி, மற்றவை எல்லாம் ஒவ்வொன்றாக எழும் அந்த இழுபறி நேரம், பெரும்பாலும் சிதறிய வாசிப்புகளால் ஆனது. அங்கே ரெடிபூஸ்ட் சிறிது கைகொடுக்கலாம். சூம் வகுப்பின்போது நடப்பது வேறு. சூம், உலாவி, வினாத்தாள் மூன்றும் சேர்ந்து 4 ஜிபி ராமை நிரப்பிவிட, விண்டோஸ் ராமிலுள்ள சிலவற்றை வன்தட்டிலுள்ள பேஜ் ஃபைலில் எழுதி இடம் உண்டாக்குகிறது. சற்று நேரத்தில் அதையே திரும்ப வாசிக்கிறது. திரும்ப வாசிப்பதில் ரெடிபூஸ்ட் உதவலாம். ஆனால் எழுதுவது எல்லாம் வன்தட்டுக்குப் போயே ஆக வேண்டும், ஏனெனில் பென்டிரைவில் இருப்பது பிரதி மாத்திரமே. ராம் போதாமல் திணறும் கணினிக்கு ராமைத் தவிர வேறெதுவும் ராமாகாது.

பணம் செலவழிக்கும் முன் கணினி எங்கே தடைப்படுகிறது என்று பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ் பகுதிக்குப் போய், கணினி உறையும் தருணத்தில் கவனியுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, அதன் கீழே காட்டப்படும் வாசிப்பு வேகம் செக்கனுக்கு ஒன்றிரண்டு மெகாபைட்டாக மட்டும் இருந்தால், வன்தட்டு சிதறிய துண்டுகளைத் தேடி அலைகிறது என்று பொருள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ராம் போதவில்லை. இரண்டும் சாதாரணமாக இருக்க, சிபியூ (செயலி) மட்டும் உச்சத்தில் நின்றால் வெப்பத்தையும் சந்தேகிக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையின் வெப்பமும் தூசியும் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பல ஆண்டுகள் திறந்து துடைக்கப்படாத மடிக்கணினியின் விசிறியில் தூசி அடைத்து, செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதைப் பென்டிரைவோ வேறு எந்தப் பாகமோ சரிசெய்யாது. சுத்தம் செய்து, செயலியின் மேலுள்ள வெப்பப் பசையை மாற்றினால் சரியாகும்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். இத்தனை ஆண்டுகள் உழைத்த வன்தட்டு பழுதாகத் தொடங்கினாலும் இதே அறிகுறிகள்தான் தோன்றும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரல் வன்தட்டின் உடல்நிலையை நிறத்தால் காட்டும்; நீலம் நல்லது, மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் வேகத்தைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு, முதலில் கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுக்க வேண்டும். அந்த நிலையில் பென்டிரைவுக்கு அதைவிடப் பெரிய பயன் இல்லை.

வன்தட்டு நலமாக இருந்து, ரெடிபூஸ்டைப் பரீட்சிக்க விரும்பினால், செய்முறை எளிது. மடிக்கணினியில் உட்புறம் நீல நிறமான, வேகம் கூடிய யூஎஸ்பி 3.0 துளை இருந்தால் பென்டிரைவை அதில் செருகுங்கள். திஸ் பிசி பகுதியில் பென்டிரைவின் மேல் வலது சொடுக்குச் செய்து, புறொப்பர்ட்டீஸ் திறந்து, ரெடிபூஸ்ட் தாவலில் யூஸ் திஸ் டிவைஸ் என்பதைத் தெரிவுசெய்து, அளவை 8 ஜிபிக்கு நகர்த்துங்கள். கோப்புகளைப் பதியும் முறை பென்டிரைவில் ஃபாட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒதுக்க இயலாது. என்டிஎஃப்எஸ் வடிவுக்கு மாற்றிய பின் ஒதுக்கலாம், ஆனால் வடிவமைக்கும்போது உள்ளிருப்பவை அழிந்துவிடும். வன்தட்டின் சுமையைக் குறைக்கவென்று சிலர், அடிக்கடி தேவைப்படுபவற்றைக் கவனித்து முன்கூட்டியே தயார்செய்யும் சிஸ்மெயின் என்ற விண்டோஸ் சேவையை நிறுத்திவைக்கும்படி ஆலோசனை சொல்வதுண்டு. உங்கள் கணினியில் யாராவது அப்படி நிறுத்தியிருந்தால் ரெடிபூஸ்ட் வேலை செய்யாது. எந்தத் துண்டுகள் அடிக்கடி தேவைப்படுகின்றன என்று விண்டோஸ் கற்றுக்கொள்ள அவகாசம் வேண்டும் என்பதால், முதல் நாளே தீர்ப்புச் சொல்லாமல் ஒரு வாரம் வழமைபோல் பாவித்துப் பாருங்கள். கைக்கடிகாரத்தில் தெரியாத வித்தியாசம் வித்தியாசமே அல்ல என்பது என் கருத்து. ஆகவே இயக்கும் நேரத்தை முன்னும் பின்னும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கணினி ஏற்கெனவே போதிய வேகம் உள்ளது, ரெடிபூஸ்டால் மேலதிகப் பயன் இராது என்ற செய்தி சில கணினிகளில் தோன்றும். வன்தட்டுக்குப் பதிலாக, சுழலும் பாகமற்ற சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. பொருத்திய கணினியில் வரும் செய்தி அது. அங்கே இந்த வசதி தேவையே இல்லை.

பாதுகாப்பைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் இங்கே தேவையற்றது. பென்டிரைவில் உள்ள ஒவ்வொரு துண்டும் வன்தட்டிலும் இருப்பதால், வேலை நடக்கும்போது அதைப் பிடுங்கினாலும் கோப்பு எதுவும் அழியாது. வேகம் பழைய நிலைக்குத் திரும்பும், அவ்வளவே. மின்சாரம் நின்றாலும் அதே கதைதான். சேமிக்காமல் விட்ட வேலை போவது ரெடிபூஸ்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போவதுதான். மடிக்கணினியின் மின்கலம் இன்னும் உயிரோடு இருந்தால் அதுவும் போகாது. பிரதி 128 பிட் ஏஇஎஸ் முறையில் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால் பென்டிரைவ் தொலைந்தாலும் எடுத்தவர் அந்தப் பிரதியை வாசிக்க முடியாது. இதற்கு நேர்மாறாக, பேஜ் ஃபைலையே பென்டிரைவுக்கு மாற்றிவிடும் குறுக்குவழிகளையும் சிலர் சொல்லித் தருகிறார்கள். கழற்றக்கூடிய சாதனத்தில் அதை வைக்க விண்டோஸ் இயல்பாக இடம் கொடுப்பதில்லை, அதற்குக் காரணமும் உண்டு: அங்கே ஒரேயொரு பிரதிதான் இருக்கும், பென்டிரைவ் கழன்ற கணமே கணினி விழுந்துவிடும். அந்த வழிக்குப் போகாதீர்கள்.

பணம் செலவழிப்பதாக இருந்தால் என் முதல் தெரிவு எஸ்.எஸ்.டி. பென்டிரைவின் அதே நன்மையை, பிரதியாக அல்லாமல் முழு வன்தட்டுக்கும், வாசிப்புக்கும் எழுத்துக்கும் சேர்த்துத் தருவது அது. சிதறிய 4 கிலோபைட் வாசிப்பில் சாதாரண எஸ்.எஸ்.டி.கூடச் செக்கனுக்கு இருபது மெகாபைட்டுக்கு மேல் தருகிறது. மேலே சொன்ன கால் மெகாபைட்டை நினைத்துப் பாருங்கள். 2014ஆம் ஆண்டு மடிக்கணினிக்கு சாட்டா என்ற இணைப்பு முறையிலான 2.5 அங்குல வகை பொருந்தும். 240 அல்லது 256 ஜிபி உங்கள் இருவருக்கும் தாராளம். கழற்றிய வன்தட்டைக் கடையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கி, யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டுக்கொண்டால் வெளிச்சேமிப்பாகப் பயன்படும். அடுத்தபடியாக இன்னொரு 4 ஜிபி ராம். அந்தக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றுக்கு 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் வகையே தேவை. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் 1.5 வோல்ட் டிடிஆர்3 அவற்றில் இயங்காமல் போகலாம். ஆகவே கணினியைக் கையோடு கொண்டுபோய், இரண்டாவது ராம் துளை காலியாக உள்ளதா என்று திறந்து பார்க்கச் சொல்லி, பொருத்தி இயக்கிக் காட்டிய பின் பற்றுச்சீட்டையும் உத்தரவாதத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10க்கான மைக்ரோசொஃப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. இந்த வயதுக் கணினிகள் விண்டோஸ் 11க்கான அதிகாரபூர்வத் தகுதிப் பட்டியலிலும் இல்லை. எனவே இதற்கு மேல் இந்தக் கணினியில் செலவழிக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசிக் கேள்விக்கு: மகளின் பாடசாலை வேலைகளுக்கு வேறொரு பென்டிரைவை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பென்டிரைவில் ஒரு பகுதியை ரெடிபூஸ்டுக்கும் மிகுதியைக் கோப்புகளுக்கும் பங்கிட முடியும் என்றாலும், அவர் அதைக் கழற்றிக்கொண்டு போகும் ஒவ்வொரு தடவையும் ரெடிபூஸ்டும் கூடவே போய்விடும். அதுவுமின்றி, ஓயாமல் எழுதப்படும் பென்டிரைவ் விரைவில் தேயும், அதில் பரீட்சை வேலைகளை நம்பி வைக்கக் கூடாது. பின்னர் ரெடிபூஸ்ட் வேண்டாம் என்று தோன்றினால், பென்டிரைவில் தெரியும் அந்தப் பெரிய கோப்பைக் கையால் அழிக்க முயலாமல், அதே தாவலில் டூ நொட் யூஸ் திஸ் டிவைஸ் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். கோப்பு தானாக நீங்கி, ஒதுக்கிய இடம் திரும்பக் கிடைக்கும்.