இரண்டடிப் பாதையின் கணக்கு

அன்புள்ள ஐயா,

பொன்மலைப் பணிமனையில் அப்ரண்டிஸாக இருக்கிறேன். அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் தங்கத்தாது சுமந்த கில்பின் டிராம்வே என்ற இரண்டடி ரயில்பாதையைப் பற்றி நீங்கள் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அதிலிருந்து இரண்டு மாதமாகத் தேடித்தேடிப் படித்து, ஒரு வரைபடமும் போட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். அந்தப் பாதையில் பல்சக்கரத்தால் ஓடும் ஷே நீராவி எஞ்சின்கள் மொத்தம் எத்தனை ஓடின என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்று. பக்கத்திலேயே மூன்றடிப் பாதை இருந்தும் இரண்டடியில் ஒரு பொம்மை ரயிலைப் போட்டது முட்டாள்தனமாகப் படுகிறது. சரக்கை வண்டி மாற்றி ஏற்ற வேண்டிவந்தது. நம் ஊட்டி ரயில் மாதிரி நடுவே பல்வரிசை வைத்த பல்தண்டவாளமாவது போட்டிருக்கலாம். ஷே எஞ்சினும் பார்க்கக் கோணலாக, ஒரு பக்கம் சாய்ந்தது போல இருக்கிறது. முப்பதே வருடத்தில் லாரி வந்ததும் மூடிவிட்டார்கள். தோல்விதானே?

அன்புடன்,
ஒரு வாசகன், திருச்சி

*

அன்புள்ள தம்பி,

வரைபடத்தைத்தான் முதலில் பார்த்தேன். பிளாக் ஹாக்கிலிருந்து கிளம்பும் பாதை சேஸ் பள்ளத்தாக்குக்குள் போய்த் திரும்பி, சென்ட்ரல் சிட்டிக்கு மேலே மலையைச் சுற்றிக்கொண்டு குவார்ட்ஸ் ஹில், ரஸ்ஸல் பள்ளத்தாக்கு என்று போகிறது. அத்தனை வளைவையும் பென்சிலால் பொறுமையாகப் போட்டிருக்கிறீர்கள். இவ்வளவு உழைத்தவர் அதே காகிதத்தின் மூலையில் 'பொம்மை ரயில்' என்று எழுதியதைத்தான் பொறுக்க முடியவில்லை. கேஜை, அதாவது தண்டவாள இடைவெளியைப் பார்த்த கண் தாதுவைப் பார்க்கவில்லை. சுரங்க ரயிலைப் பற்றி யார் பேசினாலும் எஞ்சினில் ஆரம்பித்து எஞ்சினிலேயே முடிக்கிறார்கள். கொஞ்ச நாளாக இது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது, அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

முதலில் தாது. 1859 மே மாதம் ஜான் கிரிகரி அங்கே தங்கத்தைக் கண்டுபிடித்தார். மேலாகக் கிடந்த மண் சீக்கிரமே தீர்ந்துபோக, அடியில் இருந்தது பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமத்தோடு பின்னிக்கிடக்கும் மிக நுண்ணிய தங்கம். அதைப் பிரிக்கக் கல்லை இரும்பு உலக்கையால் இடித்துப் பொடியாக்கும் ஸ்டாம்ப் மில் வேண்டும், மில்லுக்குத் தண்ணீர் வேண்டும். சுரங்கங்களோ 9,000 அடிக்கு மேல் வறண்ட மலைமுகட்டில். தண்ணீர் இருப்பது சுமார் 8,000 அடியில், பிளாக் ஹாக்கில், நார்த் கிளியர் கிரீக்கில். ஆகவே கல் தண்ணீரைத் தேடி இறங்கியாக வேண்டும். 1887 டிசம்பர் வரை அது குதிரை வண்டியில், பனியிலும் சேற்றிலும் இறங்கியது. டிராம்வே வந்தது இந்த ஒரு வேலைக்காகத்தான்.

அந்த மில்களும் தனி ரகம். கலிஃபோர்னியாவில் உலக்கை நிமிடத்துக்குத் தொண்ணூறு தடவைக்கு மேல், சில அங்குல உயரத்திலிருந்து விழும். கில்பினில் சுமார் முப்பது தடவைதான், ஆனால் பதினாறு பதினெட்டு அங்குல உயரத்திலிருந்து. உரல் ஆழமானது, உள்ளேயே பாதரசம் பூசிய தாமிரத் தகடு. கல் உள்ளே நெடுநேரம் கிடந்து மாவானால்தான் நுண்தங்கம் தகட்டில் ஒட்டும். இப்படி மெதுவாக அரைக்கிற மில் ராப்பகலாக ஓடினால்தான் கட்டுப்படியாகும். மேலே தாதுத்தொட்டி காலியாகக் கூடாது. பெரிய ரயில் வாரம் ஒருமுறை கொண்டுவந்து கொட்டும் மலையளவு கல் அதற்குத் தேவையில்லை. சின்னச் சின்னதாக, நாள் தவறாமல், எந்தச் சுரங்கத்தின் கல் எது என்று கலந்துவிடாமல் வர வேண்டும். அங்கே மில்காரர்கள் தாதுவை அளந்ததே விறகு அளப்பதுபோல 'கார்டு' கணக்கில், அதாவது 128 கன அடி. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் தனிக்கணக்கு. சின்ன வண்டி அந்தக் கணக்குக்குப் பொருந்தியது.

இனி கேஜ். மூன்றடிப் பாதை இருந்ததே என்கிறீர்கள். இருந்தது. கொலராடோ சென்ட்ரல் 1872-இலேயே பிளாக் ஹாக் வந்துவிட்டது. அங்கிருந்து ஒரே மைல் தூரத்தில் உள்ள சென்ட்ரல் சிட்டிக்கு ஏறிப்போக 1878 ஆயிற்று. முன்னும் பின்னுமாக ஸிக்ஸாக் போட்டு, அந்த ஒரு மைலுக்கு மூன்று மைலுக்கு மேல் தண்டவாளம் போட்டார்கள். சென்ட்ரல் சிட்டிக்கும் மேலே, ஒவ்வொரு சுரங்கத்தின் வாசலுக்கும் அதே மூன்றடிப் பாதையைக் கொண்டுபோக என்ன ஆகும் என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

மலைச்சரிவில் பாதைக்குப் படி வெட்டும்போது வெட்டுவாய் முக்கோணமாக இருக்கும். படியின் அகலம் ஒன்றரை மடங்கானால் உயரமும் ஒன்றரை மடங்காகிறது. அப்படியென்றால் வெட்டி எடுக்கும் பாறை இரண்டேகால் மடங்கு. உதாரணத்துக்கு 8 அடிப் படியையும் 12 அடிப் படியையும் வைத்துக்கொள்ளுங்கள். நான்கடிதானே கூடுதல் என்று தோன்றும். வெடிமருந்துச் செலவு இரட்டிப்புக்கு மேல் போய்விடும். அங்கே இருப்பது கடினமான நைஸ் பாறை.

வளைவுக்கு வாருங்கள். பாதை அரைவட்டமாகத் திரும்பினால் வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட நீளம். எவ்வளவு நீளம்? கேஜை 3.14 ஆல் பெருக்குங்கள். வளைவின் ஆரம் எதுவானாலும் இதுதான் கணக்கு. 610 மி.மீ. (இரண்டடி) கேஜில் 1.9 மீட்டர், 914-இல் (மூன்றடி) 2.9 மீட்டர், 1,435-இல் (ஸ்டாண்டர்டு கேஜ்) 4.5 மீட்டர். இரு சக்கரமும் ஒரே அச்சில் இறுக்கியிருப்பதால் இந்த வித்தியாசத்தைச் சக்கரம் வழுக்கித்தான் சரிக்கட்ட வேண்டும். சக்கர விளிம்பின் கூம்புச் சரிவு கொஞ்சம் உதவும், குறுகிய வளைவில் அது போதாது. மீதி அத்தனையும் தேய்மானம். ஒவ்வொரு மலைமடிப்புக்குள்ளும் நுழைந்து வெளியே வரும் பாதையில் நாள் முழுக்க இப்படித் தேய்ந்தால் டயர் என்ன ஆகும் என்று பணிமனையில் இருக்கும் உங்களுக்குத் தெரியாதா? டார்ஜிலிங்குக்கு 1881-இல் இரண்டடியில் போனவர்களும் பொம்மை செய்யப் போகவில்லை.

வண்டி மாற்றி ஏற்றுவதைப் பற்றி எல்லாரும் சொல்வதையே நீங்களும் சொல்கிறீர்கள், அது பாதிதான் சரி. மலையிலிருந்து இறங்கிய கல்லில் பெரும்பகுதி பிளாக் ஹாக்கைத் தாண்டவே இல்லை. அங்கேயே மில்லில் அரைபட்டது. அதன்பிறகு மூன்றடிப் பாதையில் ஏறியது செறிவூட்டிய தாதுவும், சுரங்கத்திலேயே கையால் பொறுக்கி எடுத்த வளமான கல்லும்தான். உருக்காலை 1878-இலேயே பிளாக் ஹாக்கை விட்டு டென்வர் பக்கம் போய்விட்டதால் அவை அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. எடை கழிந்த பிறகுதான் கேஜ் மாறுகிறது. இதைவிட நல்ல இடத்தில் கேஜை மாற்ற முடியாது. மேலே போகும் நிலக்கரிக்கு மட்டும் உங்கள் குறை பொருந்தும். சுரங்க பாய்லர்களுக்கான கரியை மூன்றடி வண்டியிலிருந்து இரண்டடி வண்டிக்கு மாற்றித்தான் ஆகவேண்டும், அதற்குக் கூலியும் நேரமும் போயின. ஊருக்குள் மூன்று தண்டவாளம் போட்டு இரண்டு கேஜ் வண்டியையும் ஒரே தடத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். அது ஊரோடு சரி, மலைக்கு உதவவில்லை.

பல்தண்டவாளம் வேண்டாம். ஊட்டிப் பாதையில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஒரே தடம், கிளைகள் கொஞ்சம். இங்கே ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு கிளை, ஒவ்வொரு மில்லுக்கும் ஒரு சைடிங். தடம் பிரியும் ஒவ்வொரு பாயிண்டிலும் பல்வரிசையை அறுத்துச் சேர்க்க வேண்டும். அந்தப் பேச்சை இத்தோடு விடலாம்.

ஷே எஞ்சினைக் கோணல் என்றீர்கள். வலது பக்கம் செங்குத்தாகச் சிலிண்டர்கள் நிற்கின்றன, அந்தப் பாரத்தைச் சமன்செய்யத்தான் பாய்லரை இடப்பக்கம் நகர்த்தி வைத்தார்கள். மிச்சிகன் மரவியாபாரி எஃப்ரைம் ஷே 1881-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு அது. சிலிண்டரிலிருந்து வரும் சக்தி எஞ்சினின் நீளவாக்கில் ஓடும் ஷாஃப்ட் வழியாக, வலப்பக்கச் சக்கரங்களின் வெளிமுகத்தில் மாட்டிய பெவல், அதாவது சாய்வுப்பல், சக்கரத்துக்குப் போகிறது. எல்லாச் சக்கரமும் இழுக்கும், வெறும் பாரமாக உருளும் சக்கரம் ஒன்றும் கிடையாது. ஷாஃப்டில் எப்பக்கமும் மடங்கும் யுனிவர்சல் ஜாயின்ட் இரண்டு, நடுவே ஒன்றுக்குள் ஒன்று நழுவும் சதுர உறை. வளைவில் போகி (சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் அடிச்சட்டம்) திரும்பும்போது அந்த உறை நீண்டு சுருங்க வேண்டும். அங்கே கிரீஸ் காய்ந்தால் உறை பிடித்துக்கொள்ளும், ஷாஃப்ட் முட்டுக்கொடுத்து போகியைத் திரும்பவிடாது, சக்கரம் தண்டவாளத்தின் மேலேறித் தடம்புரண்டுவிடும். பற்கள் திறந்து கிடப்பவை. பாறைத்தூள் கிரீஸோடு கலந்தால் அரைக்கும் பசைதான். குளிர்காலத்தில் பற்களுக்கிடையே பனிக்கட்டி இறுகும். இத்தனையையும் துடைத்து எண்ணெய் விட்ட கைகளை நினைத்துப் பார்த்துவிட்டு அழகைப் பற்றிப் பேசலாம்.

நீங்கள் தொடாத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இந்தப் பாதையில் சுமை இறங்குகிறது, காலி வண்டி ஏறுகிறது. இழுப்பதைவிடப் பிடிப்பதுதான் பெரிய வேலை. ஒரு டன் கல் 300 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 30 லட்சம் ஜூல். இழுவையில் தேய்ந்தது போக மீதி முழுவதும் பிரேக் கட்டையில் சூடாகத்தான் கழிய வேண்டும். பிரேக்கோ கைப்பிரேக். அதிகமாக முறுக்கினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். பூட்டிய சக்கரம் உருளும் சக்கரத்தைவிடக் குறைவாகவே பிடிக்கும், தண்டவாளத்தில் உறைபனி இருந்தால் கேட்கவே வேண்டாம். சக்கரத்தின் அடியில் தேய்ந்து ஒரு தட்டை விழுந்துவிடும். நீங்கள் 'வீல் ஸ்கிட்' என்று எழுதிவைத்து லேத்துக்கு அனுப்புவீர்களே, அதே தட்டை. அப்போது செய்ய வேண்டியது பயத்துக்கு நேர்மாறானது: பிரேக்கைச் சற்றுத் தளர்த்தி, சக்கரத்தை உருளவிட்டு, மறுபடி மெதுவாக முறுக்க வேண்டும். வண்டி வேகம் எடுக்கும் நேரத்தில் பிரேக்கைத் தளர்த்த எவ்வளவு நிதானம் வேண்டும்! அந்த பிரேக்மேன்களின் கூலிப்பட்டியலை யாரும் தேடுவதில்லை, எஞ்சின் எண்ணைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள்.

லாரி மூடியது என்பது தவறு, இனி எங்கும் அப்படி எழுதாதீர்கள். 1906-இல் கொலராடோ அண்ட் சதர்ன் கம்பெனி இதை எடுத்துக் கில்பின் ரெயில்ரோடு என்று பெயர் மாற்றியபோதே கீழே குழி தோண்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஐடஹோ ஸ்பிரிங்ஸிலிருந்து 1893-இல் தொடங்கிய நியூஹவுஸ் சுரங்கவழி நாலு மைலுக்கு மேல் குடைந்து 1910-இல் முடிந்தது. இதே சுரங்கங்களின் அடிவயிற்றுக்கு அது போய்ச் சேர்ந்தது. மேலே தூக்கி இறைக்க வேண்டிய தண்ணீர் கீழே தானாக வடிந்தது. தாதுவுக்கும் கீழ்வழி கிடைத்தது, 1913-இல் அதன் வாயிலேயே ஆர்கோ மில் எழுந்தது. தாதுவும் மெலிந்துகொண்டே வந்தது. பிளாக் ஹாக்கில் உலக்கைகள் ஒவ்வொன்றாக நின்றபின் எதற்காகப் பாதை? 1917-இல் மூடினார்கள். மில் இருந்தவரை அதன் கையாக இருந்தது, மில்லோடு போனது. அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் கேள்விக்கு: ஐந்து ஷே எஞ்சின்கள்.

வரைபடத்தில் ஒரு திருத்தம். பிளாக் ஹாக்கில் பாதையை ஓடைக்கரையோடு, மில்லின் வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். ஸ்டாம்ப் மில்லைச் சரிவில் படிப்படியாகக் கட்டுவார்கள். கல் மேல்தளத்தில் விழுந்து, தொட்டி, உலக்கை, தகடு என்று தன் பாரத்திலேயே இறங்க வேண்டும். தடத்தை மில்லின் பின்பக்கமாக, மேல்தொட்டியின் வாய்க்குச் சற்று மேலே ஏற்றிப் போடுங்கள். அப்படி ஏற்றினால் சேஸ் பள்ளத்தாக்குவரை உங்கள் சரிவுக்கணக்கும் மாறும். அதையும் போட்டு அனுப்புங்கள், பார்க்கிறேன்.