சேனை வைத்தவள்

அன்புள்ள அம்மாவுக்கு,

பதினெட்டு நாட்களுக்கு முன்பு எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அரசு மருத்துவமனையில், கத்தி படாமல், இயற்கைப் பிரசவம். பதினோரு மணி நேர வலி. ஊசி, மருந்து எதையும் நம்பாமல் நம் பாட்டிமார் போலவே நாங்கள் பெற்றெடுத்தோம் என்பதில் பெருமை. ஒரே குறை. குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைக்க என் அம்மா, வக்கீலான பெரியப்பாவைக் கூட்டி வந்தார். என் மனைவி விடவில்லை. அன்றிலிருந்து அம்மா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நாங்கள் செய்தது சரியா? பிறந்தபோது 2 கிலோ 900 இருந்தாள். முதல் வாரம் இறங்கிய எடை ஏறிவிட்டது. கண்ணில் மஞ்சள் மட்டும் இன்னும் இருக்கிறது. காலை வெயிலில் காட்டுகிறோம்.

வி., அம்பாசமுத்திரம்

அன்புள்ள வி.,

குழந்தைக்கும் அவளைப் பெற்றவளுக்கும் என் அன்பு. உங்களுக்குப் பிறகு பார்க்கலாம்.

சேனை விஷயத்தில் உங்கள் மனைவி செய்ததுதான் சரி. முதல் நாள் அந்த வயிறு ஒரு தேக்கரண்டிதான் கொள்ளும். அதைச் சர்க்கரைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சீம்பாலுக்கு எங்கே இடம்? தேன் என்றால் இன்னும் மோசம், ஒரு வயது வரை நாக்கில் படவே கூடாது. உங்கள் அம்மாவின் கோபமா? பேத்தியைத் தூக்காமல் எத்தனை நாள் இருந்துவிடுவார்!

கத்தி படாத பெருமையை மடித்துப் பரணில் வையுங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவம் அறுவை சிகிச்சை. அது அதிகம்தான், நானும் சண்டை போடுவேன். ஆனால் என் இளைய மகள் வயிற்றில் குறுக்கே கிடந்தாள், கீறித்தான் எடுத்தார்கள். நான் அவளைப் பெறவில்லையா?

ஊசியை நம்பவில்லையாம். பிள்ளை வெளியே வந்த கையோடு, உதிரப்போக்கைத் தடுக்கத் தொடையில் ஓர் ஊசி போடுவது மருத்துவமனை வழக்கம். உங்கள் மனைவிக்கும் போட்டிருப்பார்கள். நீங்கள் வராந்தாவில் நின்றிருப்பீர்கள், தெரிந்திருக்காது. என் சித்தி ஒருத்தி அந்த ஊசி இல்லாத காலத்தில் விடிவதற்குள் போய்விட்டாள்.

என்னை உறுத்தியது 'பாட்டிமார்' என்ற சொல். கொஞ்ச நாட்களாக அதே நினைவில்தான் இருக்கிறேன். நான் பிறந்தது 1960-இல், சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், வீட்டுப் பின்கட்டில். அம்மா பெற்றது ஆறு, தங்கியது நான்கு. ஆறையும் ஏந்தியவள் ஒரே மருத்துவச்சி. நாவிதர் வீட்டுப் பெண். புறவாசல் வழியாகத்தான் வருவாள். பிள்ளை பெறும் அறை எப்படியும் தீட்டு என்பதால் அதற்குள் மட்டும் அவளுக்கு அனுமதி.

தம்பி பிறந்தபோது எனக்கு ஏழு வயது. அவள் குளிப்பாட்டுவதைப் பார்க்கக் கிணற்றடியில் குந்தியிருப்பேன். புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றி, கால்களை நீட்டி உட்கார்ந்து, இரு கணுக்கால்களுக்கும் நடுவில் குழந்தையைக் குப்புறப் போடுவாள். செம்புத் தண்ணீரை முதலில் தன் முழங்கையில் ஊற்றிப் பார்ப்பாள். சூடு கூடினால் என்னை ஓர் அதட்டு அதட்டுவாள், நான் பச்சைத் தண்ணீர் கொண்டுவர ஓடுவேன். அவள் உள்ளங்கை முதுகில் பட்டதும் தம்பி அழுகையை நிறுத்திவிடுவான். பதினாறாம் நாள் வீட்டைக் கழுவிவிட்ட பிறகு அதே பெண் வாசல்படிக்குக் கீழே நிற்பாள். ஒரு மரக்கால் நெல், ஒரு பழைய புடவை, கூரை இறவாணத்தில் செருகி வைத்த அலுமினியத் தம்ளரில் காப்பி. தம்ளரை அவளே கழுவிச் செருக வேண்டும்.

தம்பிக்குச் சேனை வைக்கப் பாளையங்கோட்டையிலிருந்து பெரிய தாத்தாவை வண்டி வைத்து அழைத்து வந்தார்கள். கோர்ட்டில் குமாஸ்தா, கெட்டிக்காரர், அந்தக் குணம் வரட்டும் என்று. அவர் வந்து சேர்ந்ததோ மறுநாள். பிள்ளை விழுந்த நிமிடமே அதன் வாய்க்குள் விரல் விட்டுச் சளியை வழித்து எடுத்து மூச்சு வர வைத்தவள் மருத்துவச்சி. அப்படியென்றால் சேனை வைத்தது யார்? தம்பிக்குப் பெரிய தாத்தாவின் சாமர்த்தியம் இம்மியும் வரவில்லை. தெருவில் யாராவது வலியில் கிடந்தால் மட்டும் அவனால் கடந்து போக முடியாது.

அவள் பெயரைப் போன மாதம் அம்மாவிடம் கேட்டேன். உளுந்து புடைத்துக்கொண்டிருந்த முறம் நின்றது. "மருத்துவச்சிக்குப் பெயரா? இருந்திருக்கும்" என்றார். மறுபடி புடைக்க ஆரம்பித்தார்.

உங்களுக்கு மகளின் எடை கிராம் சுத்தமாகத் தெரிகிறது. பதினோரு மணி நேரம் உங்கள் மனைவியின் இடுப்பைப் பிடித்து நின்ற நர்ஸ் யார், ரத்தத் துணியை அள்ளிய ஆயா யார்? கடிதத்தில் ஒருவருமே இல்லை. 'நாங்கள்' மட்டும் இருக்கிறீர்கள்.

கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் மஞ்சள் தெரிவதும் இரண்டு வாரத்துக்குள் வடிவதும் சகஜம். பதினெட்டாம் நாளும் கண்ணில் நிற்கிறதென்றால் வெயிலை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. மலம் வெளுத்துப் போகிறதா, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை வைக்கிறதா என்று மருத்துவர் கேட்பார், பார்த்து வையுங்கள். நாளைக் காலையிலேயே தூக்கிக்கொண்டு போங்கள். உங்கள் அம்மாவையும் கூப்பிடுங்கள். பஸ்ஸில் குழந்தை அவர் மடியில் இருக்கட்டும்.