அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு, எனக்கு 38. செக்கு எண்ணெய்க்கு மாறிவிட்டேன், மஞ்சள் கருவை விட்டுவிட்டேன், டி.எம்.டி. (ஓடும் பட்டையில் நடக்கவைத்து எடுக்கும் இதயப் பரிசோதனை) நார்மல். சிகரெட் நாளுக்கு ஒன்றிரண்டுதான். இது போதுமா?

போதாது. மாற்றியவை எல்லாம் கடைசி வரிசையில் இருப்பவை. முதல் வரிசையில் இருப்பதில் ஒன்றை ‘ஒன்றிரண்டுதான்’ என்று நீங்களே தள்ளுபடி செய்துவிட்டீர்கள். இன்னொன்றான பி.பி. பற்றிக் கேள்வியில் பேச்சே இல்லை.

சிகரெட்டிலிருந்து ஆரம்பிப்போம். நாளுக்கு 20 பிடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் ஆபத்தில் இருபதில் ஒரு பங்குதான் ஒன்று பிடிப்பவருக்கு என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். நுரையீரல் புற்றுநோய்க்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும், இதயத்துக்குப் பொருந்தாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வந்த கணக்கின்படி, ஒரே ஒரு சிகரெட்டிலேயே அந்தக் கூடுதல் ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி ஆண்களுக்கு வந்துவிடுகிறது. கொஞ்சம் புகை போனாலே ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கிவிடும், ரத்தக்குழாயின் உள்சுவர் இறுகிவிடும். அதனால் இதில் குறைப்பது என்பதற்குப் பெரிய பலன் கிடையாது, நிறுத்துவதற்குத்தான் பலன். நிறுத்தி ஒரு வருடத்தில் கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியாகும்.

அடுத்தது பி.பி. தலை சுற்றினால்தான் பிரஷர் என்று காத்திருக்காதீர்கள். 160 இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. கையில் கட்டும் பட்டை உள்ள டிஜிட்டல் மெஷின் வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். வாங்கும்போது பட்டையில் அச்சிட்டிருக்கும் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் 22–32 செ.மீ. என்று இருக்கும். உங்கள் மேல்கைச் சுற்றளவு 34 என்றால் அந்தப் பட்டை உங்களுக்குச் சின்னது, இல்லாத பிரஷரைக் காட்டும்.

வீட்டில் நடக்கும் தப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, கையை மடியில் போட்டு, டிவி பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்துவது. கை இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தாலே 7, 8 பாயின்ட் கூடும். பேசினால் கூடும், கால்மேல் கால் போட்டால் கூடும், சிறுநீரை அடக்கியிருந்தாலும் கூடும். முதுகுச் சாய்வுள்ள நாற்காலியில், பாதம் இரண்டும் தரையில் பட, 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். கையை மேஜைமேல் நீட்டினால் பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே. சட்டைக் கையை இறுக்கிச் சுருட்டாமல் கழற்றிவிடுங்கள். காபியும் சிகரெட்டும் அரை மணி நேரத்துக்கு முன் கூடாது. காலையில் சாப்பிடும் முன் இரண்டு முறை, ஒரு நிமிட இடைவெளியில், இரவிலும் அதேபோல். இப்படி 7 நாள் எழுதுங்கள். முதல் நாளை அடித்துவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். அது 135/85-ஐத் தொட்டால், இரண்டில் ஒன்று தொட்டாலும், அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள். ஒரே ஒரு அளவை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். அடிக்கடி மூட்டு வலி மாத்திரை போடுபவரானால் அதையும் சொல்லுங்கள், சில வலி மாத்திரைகள் பி.பி.யை ஏற்றும்.

பிரஷர் என்றதும் உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. யாரும் வீட்டில் கிராம் போட்டுச் சமைப்பதில்லை. அதனால் உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன் மேலேயே எழுதிவையுங்கள். நாலு பேர் குடும்பத்துக்கு நாளுக்கு 20 கிராம் என்றால் ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம் போகிறது. மீன் கழுவ எடுத்த கல் உப்பைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், ஓட்டல் சாம்பார் எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே. பிஸ்கட், நூடுல்ஸ் உறையில் சோடியம் என்றுதான் போட்டிருக்கும், அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. சோடியம் 800 மில்லிகிராம் என்றால் உப்பு 2 கிராம். இந்துப்புக்கு மாறுவதில் ஒன்றுமில்லை, அதுவும் சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் கலந்த உப்பு உண்மையிலேயே உதவும். சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடத்திய சோதனையில் பக்கவாதம் குறைந்ததை 2021-ல் காட்டினார்கள். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில பி.பி. மாத்திரைகள் போடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

எண்ணெய் விஷயத்தில் செக்கா ரீஃபைண்டா என்பதைவிட மாதம் எத்தனை லிட்டர் என்று பாருங்கள். ஆளுக்கு நாளுக்கு 25 கிராம் வைத்தால் நாலு பேருக்கு மாதம் மூன்றேகால் லிட்டர். செக்கில் ஆட்டினாலும் தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு, ஆட்டும் முறை அதை மாற்றாது. மஞ்சள் கரு நாளுக்கு ஒன்று என்றால் பெரும்பாலானவர்களுக்குத் தொல்லை இல்லை.

இடுப்பளவை பேன்ட் சைஸை வைத்துச் சொல்லாதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் டேப் வையுங்கள். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.தான் எல்லை. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் என்ற மாரடைப்பு ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில வருடம் முன்னதாகவே வந்தது தெரிந்தது.

அப்பாவுக்கு 55-க்கு முன் வந்ததால் உங்களுக்குக் குடும்ப வரலாறு உண்டு என்றே டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள். கொலஸ்ட்ரால் டெஸ்ட், எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாத சர்க்கரைச் சராசரி) இரண்டோடு லிப்போபுரோட்டீன் ஏ என்ற ரத்தக் கொழுப்புத் துகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது பரம்பரையாக வருவது, சாப்பாட்டால் பெரிதாக மாறாது, அதனால் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு தடவை போதும். எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ராலுக்கு இலக்கு எவ்வளவு என்பதை இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

இனி அந்த டி.எம்.டி. ஓடும்போது ரத்தம் போதாமல் போகிற அளவுக்கு அடைப்பு இருந்தால்தான் அதில் பெரும்பாலும் தெரியும். 30, 40 சதவீத அடைப்பு தெரியாமல் போகும். அதுபோன்ற சின்னக் கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்தும் மாரடைப்பு வரும். ஆகவே நெஞ்சை அழுத்துவதுபோல் இருந்து, வியர்த்து, தாடைக்கோ கைக்கோ வலி பரவினால், ‘போன மாதம்தான் டெஸ்ட் நார்மல், இது வாயு’ என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், நீங்களே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம்.