கோர்ஃப் கோட்டை: கேள்வி பதில்

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட்டில் இருக்கும் கோர்ஃப் கோட்டைக்கு ஏழெட்டுத் தடவை போய் வந்தவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்தன.

கேள்வி: கட்டியது யார்?

பதில்: 11ஆம் நூற்றாண்டில் முதலாம் வில்லியம் தொடங்கினார். உச்சியில் நிற்கும் 21 மீட்டர் கற்கோபுரம் அவர் மகன் முதலாம் ஹென்றி காலத்தது.

கேள்வி: வயதாகித்தான் இப்படி இடிந்து கிடக்கிறதா?

பதில்: வேண்டுமென்றே இடித்தார்கள். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், மன்னர் தரப்பிடம் இருந்த கோட்டை 1646இல் நாடாளுமன்றப் படையிடம் விழுந்ததும், மன்னர் தரப்பு மறுபடி உள்ளே புகுந்துவிடக் கூடாது என்று நாடாளுமன்றம் தகர்க்கச் சொன்னது. சுவர்களுக்கு அடியில் தோண்டி வெடிமருந்து வைத்தார்கள். ஏறும் வழியில் தென்மேற்கு வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். வாசலின் ஒரு பாதி நொறுங்காமல், நின்ற வாக்கிலேயே பல அடி சரிவில் இறங்கியிருக்கிறது. வளைவின் இரு பாதிகளும் இப்போது ஒட்டாது. எனக்கு உச்சிக் கோபுரத்தைவிட இதுதான் பிடிக்கும். பெயர்ந்த கற்களை ஊரார் எடுத்துப்போய் வீடு கட்டிக்கொண்டார்கள். நீங்கள் டீ குடிக்கும் கடைச் சுவரையும் ஒரு பார்வை பார்த்து வையுங்கள்.

கேள்வி: ஒரு பெண்மணி காத்த கோட்டை என்கிறார்களே?

பதில்: மேரி பேங்க்ஸ். கணவர் ஜான் பேங்க்ஸ் மன்னரின் தலைமை நீதிபதிகளில் ஒருவர், ஊரில் இல்லை. 1643இல் நாடாளுமன்றப் படை ஆறு வாரம் முற்றுகை போட்டது. ஏணி வைத்து ஏறியவர்கள் தலையில் மேரியும் மகள்களும் பணிப்பெண்களும் கல்லையும் நெருப்புத் தணலையும் கொட்டினார்கள். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அடுத்த முற்றுகையில்தான் வினை. கோட்டைக்குள் இருந்த பிட்மன் என்ற அதிகாரி, துணைப்படை கொண்டு வருகிறேன் என்று போய் எதிரிகளையே கூட்டி வந்தார். மேரியின் துணிச்சலை மதித்துச் சாவிகளை அவரிடமே விட்டுவிட்டார்களாம். அவை பேங்க்ஸ் குடும்பம் பிறகு கட்டிய கிங்ஸ்டன் லேசி மாளிகையில் இருக்கின்றன.

கேள்வி: லண்டனில் இருக்கிறோம், கார் இல்லை, கைக்குழந்தை உண்டு. போகலாமா அண்ணா?

பதில்: தாராளமாகப் போகலாம்மா. வாட்டர்லூவில் ரயில் ஏறி வேர்ஹமில் இறங்குங்கள்; இரண்டு மணிக்கு மேல் ஆகும். அங்கிருந்து ஸ்வானேஜ் போகும் பஸ் கோர்ஃப் ஊருக்குள்ளேயே நிற்கும். தள்ளுவண்டி மட்டும் வேண்டாம். முதல் தடவை அதைக் கொண்டுபோய், பாதி ஏற்றத்தில் வண்டி ஒரு கையிலும் பிள்ளை ஒரு தோளிலுமாக நான் பட்ட பாடு போதும். கோட்டையைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் உறுப்பினர் என்றால் நுழைவு இலவசம்.

கேள்வி: நல்ல படம் எங்கிருந்து கிடைக்கும்?

பதில்: எதிரே இருக்கும் மேற்குக் குன்றில் ஏறுங்கள். ஸ்வானேஜ் நீராவி ரயில் வரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போனால் புகையும் கோட்டையும் ஒரே படத்தில் வரும்.